23 கிலோவும் ஐந்து மாதமும்

ஒவ்வொரு நாள் காலையும் ஒலிபரப்பில் நான் ஒரு சுவீடன்காரரின் பெயரைச் சொல்கிறேன். "கோலாலம்பூரில் இன்று அதிகபட்ச வெப்பநிலை 33 டிகிரி செல்சியஸ்." அண்டர்ஸ் செல்சியஸ் 1701இல் உப்சாலா என்ற ஊரில் பிறந்தவர், வானியல் பேராசிரியர். 1742இல் அவர் முன்வைத்த அளவுகோலில் தண்ணீர் கொதிப்பது 0, உறைவது 100. அதைத் தலைகீழாக்கி இன்று நாம் சொல்லும் முறைக்குக் கொண்டுவந்தவர்கள் பின்னால் வந்தவர்கள். அவர் விண்மீன்களைப் பார்த்த வீடு உப்சாலாவின் கடைத்தெருவில் இன்னும் இருக்கிறது. மற்ற கட்டடங்கள் தெருவோடு நேராக நிற்க, அது மட்டும் கொஞ்சம் திரும்பிக்கொண்டு நிற்கும்.

இதையெல்லாம் நான் வகுப்பில் படிக்கவில்லை. 2009 டிசம்பரில் கிள்ளானில் எங்கள் வீட்டு நடுக்கூடத்தில், இரவு இரண்டு மணிக்குத் தூக்கம் வராமல் கணினி முன் உட்கார்ந்து படித்தேன். ஊடகவியல் இறுதியாண்டுக்கு முன் ஒரு செமஸ்டரை உப்சாலா பல்கலைக்கழகத்தில் படிக்க இடம் கிடைத்திருந்தது. புறப்பட ஐந்து வாரம் இருந்தது. அந்த ஊரைப் பற்றி எவ்வளவு தெரிந்துகொள்கிறேனோ அவ்வளவுக்குப் பயம் குறையும் என்று நினைத்துப் படித்தேன். பயம் குறையவில்லை, பொது அறிவுதான் கூடியது.

இப்போது இதை எழுதக் காரணம் ஒரு நேயர். கல்லூரி மாணவி. வரும் ஜனவரியில் ஒரு செமஸ்டருக்கு அதே உப்சாலாவுக்குப் போகிறார். எப்போதோ நிகழ்ச்சியில் நான் அந்த ஊர்ப் பெயரைச் சொன்னது அவருக்கு நினைவில் இருந்திருக்கிறது. குரல் பதிவு ஒன்று அனுப்பியிருந்தார். "அக்கா, ரொம்ப சந்தோஷமா இருக்கு. ஆனா சாப்பாடு இறங்க மாட்டேங்குது. ராத்திரி எழுந்து உட்கார்ந்துக்கிறேன். போறதுக்கு முன்னாடி உங்களுக்கும் இப்படித்தான் இருந்துச்சா?"

இருந்தது தங்கச்சி. இரண்டு பாட்டுக்கு நடுவில் சொல்லி முடிக்கிற பதில் இல்லை என்பதால் இங்கே எழுதுகிறேன்.

முதலில் வீட்டு நிலவரம். அப்பா கிள்ளான் துறைமுகத்தில் லாரி ஓட்டியவர். 2007இல் இரண்டு சிறுநீரகமும் கைவிட்டன. அதிலிருந்து செவ்வாய், வியாழன், சனி என்று வாரம் மூன்று நாள், ஒவ்வொரு முறையும் நான்கு மணி நேரம் டயாலிசிஸ். காலை ஆறு மணிக்கு முதல் அணி. அவரை ஐந்தரைக்கு வண்டியில் ஏற்றிக்கொண்டு போய் விட்டு, பத்தரைக்குத் திரும்பக் கூட்டி வருவது என் வேலை. போகும்போது அவர் பேசுவார். வரும்போது களைத்துத் தூங்குவார். வகுப்பையும் அதற்கேற்பத்தான் பதிவு செய்துகொள்வேன். அம்மா பள்ளிச் சிற்றுண்டிச் சாலையில் வேலை செய்தார், வண்டி ஓட்டத் தெரியாது. தம்பி எஸ்பிஎம் எழுதிக்கொண்டிருந்தான்.

ஆகவே இடம் கிடைத்த மின்னஞ்சலை மூன்று நாள் யாரிடமும் காட்டவில்லை. நான்காம் நாள், டயாலிசிஸ் முடிந்து வரும் வழியில் சிவப்பு விளக்கில் வண்டி நின்றபோது சொன்னேன். சொல்லிவிட்டு, "ஆனா போகப் போறதில்லப்பா" என்றும் சேர்த்துக்கொண்டேன். தூங்குகிறார் என்று நினைத்தவர் கண்ணைத் திறக்காமலே கேட்டார்: "ஏன், நீ இங்க இருந்தா எனக்குக் கிட்னி முளைச்சிடுமா?"

அன்று மாலையே தம்பியைக் கூப்பிட்டு, எப்போது பி லைசென்ஸ் எடுக்கப் போகிறாய் என்று கேட்டார். அவ்வளவுதான் எங்கள் வீட்டில் நடந்த குடும்பக் கூட்டம்.

மாணவர் பரிமாற்றத் திட்டம் என்பதால் அங்கே கல்விக் கட்டணம் இல்லை. ஆனால் தங்கும் அனுமதிக்கு விண்ணப்பிக்கும்போது ஐந்து மாதச் செலவுக்குப் பணம் கையில் இருப்பதை வங்கிக் கணக்கில் காட்ட வேண்டும். எங்கள் கணக்கில் அது பதினாறாயிரம் வெள்ளிக்கு மேல் வந்தது. எங்கள் வீட்டில் யாரும் அந்த எண்ணை ஒரே வரியில் பார்த்ததில்லை. என் கல்விக் கடனில் மிச்சம் பிடித்தது கொஞ்சம், மாமா கொடுத்தது கொஞ்சம். மீதிக்கு அம்மா கூட்டு எடுத்தார். தாமானில் பன்னிரண்டு பெண்கள் சேர்ந்து போடும் கூட்டில் அம்மாவின் முறை ஜூன் மாதம். நவம்பரில் எடுக்க வேண்டியவர் சீன அண்டை வீட்டு ஆண்ட்டி. அவர் முறையை மாற்றிக் கொடுத்தார். மகளுக்குக் கல்யாணமா என்று கேட்டாராம். இல்லை, படிப்பு என்றதும், "இன்னும் நல்லது" என்றாராம். அந்த ஜூன் வரை அவர் சமையலறைக்கு மேல் ஒழுகிய கூரை ஒழுகிக்கொண்டேதான் இருந்தது என்பது எனக்குப் பின்னால் தெரிந்தது.

பணம் இப்படிச் சேர்ந்த பிறகு மகிழ்ச்சியாக இருப்பது எளிதில்லை. பயப்படுவதற்கும் உரிமை இல்லாதது போலத் தோன்றும். "எப்படி இருக்கு?" என்று யார் கேட்டாலும் "எக்சைட்டடா இருக்கு" என்று சொல்லிப் பழகிக்கொண்டேன். அது பொய்யும் இல்லை. பனியை நினைத்தால் நெஞ்சு படபடக்கும். அந்தப் படபடப்பு ஆசையா அச்சமா என்று பிரித்துச் சொல்லத்தான் தெரியாது. வயிற்றுக்கு இரண்டும் ஒன்றுதான் போல.

குளிருடுப்பை எங்கே வாங்குவது என்பது அடுத்த கேள்வி. பேரங்காடியில் ஒரு கோட்டின் விலை அம்மாவின் ஒரு மாதச் சம்பளத்தைத் தொட்டது. காப்பார் சாலையில் ஒரு பண்டல் கடைக்குப் போனோம். நம் ஊரில் பண்டல் கடைக்குப் போகாமல் குளிர்நாட்டுக்குப் போன மாணவர் குறைவு என்றுதான் நினைக்கிறேன். ஜப்பானிலும் கொரியாவிலும் யாரோ போட்டுக் கழித்த கோட்டுகள், மின்விசிறிக்குக் கீழே, 34 டிகிரி வெயிலில் மலை போலக் குவிந்து கிடக்கும். கடைக்காரரே கண்ணாடி பிடித்தார். முழங்கால் வரை வரும் கறுப்புக் கோட்டு ஒன்றைப் போட்டுப் பார்த்தேன், ஐந்து நிமிடத்தில் வியர்வை முதுகில் ஓடியது. 25 வெள்ளி. உள்பையில் மடித்த ஜப்பானிய ரசீது ஒன்று இருந்தது. அதை நான் எடுத்துப் போடவில்லை. எனக்கு முன்னாலேயே ஒருவர் இந்தக் கோட்டுக்குள் ஒரு குளிர்காலத்தைத் தாண்டியிருக்கிறார் என்று நினைக்க ஆறுதலாக இருந்தது.

பெட்டிக்கு அனுமதி 23 கிலோ. எங்கள் வீட்டில் எடைக்கருவி இருந்தது, அப்பாவுக்காக வாங்கியது. டயாலிசிஸ் நோயாளிகளுக்கு எடைதான் எல்லாம். இரண்டு முறைக்கு நடுவில் உடம்பில் எவ்வளவு நீர் சேர்ந்திருக்கிறது என்று எடையை வைத்துத்தான் கணக்கிடுவார்கள். குடிக்கும் தண்ணீருக்கு அளவுண்டு. அப்பா தினமும் காலையில் கருவியில் ஏறி, எண்ணை ஒரு சிறு நோட்டுப் புத்தகத்தில் எழுதி வைப்பார்.

அந்தக் கருவியில் பெட்டியைத் தனியாக வைத்தால் எண் தெரியாது, பெட்டி மறைத்துவிடும். அதனால் தம்பி பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஏறுவான், பிறகு அவன் எடையைக் கழிப்போம். அப்பா தூக்கக்கூடாது. ஊசி ஏற்றுவதற்காக ரத்தக்குழாயை இணைத்துவைத்த கையில் பாரம் ஏற்றக்கூடாது என்பது சட்டம். அவர் நாற்காலியில் உட்கார்ந்து கணக்கெழுதினார். நோட்டுப் புத்தகத்தில் தன் எடைக்குப் பக்கத்திலேயே, "பெட்டி 27.4" என்று.

நான்கு கிலோ எடுக்க வேண்டும். அம்மா வைத்தவை: பாபாஸ் கறித்தூள் நான்கு பாக்கெட், ரசப்பொடி, நெத்திலிச் சம்பல் இரண்டு போத்தல், புளி, சிறிய ரைஸ் குக்கர், கோயில் திருநீறு, ஒரு தலையணை உறை. தலையணை உறை எதற்கு என்று கேட்டேன். "வீட்டு வாசம்" என்றார். நான் வைத்தவை: நான்கு புத்தகம், அகராதி, ஒலிப்பதிவுக் கருவி. இறுதியில் வெளியே போனவை புத்தகங்கள். அம்மாவிடம் வாதாடி நெத்திலிச் சம்பலை வெளியே எடுக்கும் அளவுக்குத் துணிச்சல் எனக்கு இருந்திருந்தால் உப்சாலாவுக்குப் பயந்தே இருக்க மாட்டேன்.

இரவுகளில் வேறொன்றும் செய்தேன். சுவீடன் வானொலியை இணையத்தில் போட்டுக் கேட்பேன். ஒரு சொல்லும் புரியாது. ஆனால் அதில் கடல் வானிலை அறிக்கை ஒன்று வரும். இடப்பெயர்களும் எண்களும் மட்டுமே, நிதானமான ஒரே குரலில், நீண்டு போகும். ஒரு நாள் அப்பா தண்ணீர்த் தாகத்தால் தூக்கம் கெட்டு எழுந்து வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். துறைமுகத்தில் இருந்தவர் அல்லவா, கேட்ட மாத்திரத்தில் கண்டுபிடித்தார். "காத்து சொல்றான். கப்பல்காரனுக்கு." அதன்பின் பல இரவுகள் நாங்கள் இருவரும் புரியாத மொழியில் எங்கோ அடிக்கும் காற்றைக் கேட்டுக்கொண்டிருந்தோம். நான் வானொலிக்கு வந்ததற்குக் காரணம் என்ன என்று பேட்டிகளில் கேட்கிறார்கள். சொல்வதற்கு நாகரிகமான பதில் ஒன்று வைத்திருக்கிறேன். உண்மையில் அது அந்த இரவுகளில் தொடங்கியிருக்கலாம்.

தம்பி எஸ்பிஎம்முக்கு முன்பே எல் எடுத்திருந்தான். ஜனவரி முதல் வாரத்தில் பி கிடைத்தது. மறுநாளிலிருந்து ஐந்தரை மணிக்கு அவன் ஓட்ட, நான் பக்கத்தில் உட்கார்ந்தேன். பழைய கான்சில். கிளட்ச்சை விடும்போதெல்லாம் வண்டி குதிக்கும். அப்பா பின்னிருக்கையில், "லாரி ஓட்டினவன் மகன்டா நீ" என்பார். என் பெட்டியை விட, விசாவை விட, அந்த ரவுண்ட்டபவுட்டில் அவன் எப்படி நுழைகிறான் என்பதுதான் எனக்குத் தூக்கம் கெடுத்த விஷயம். நான் எண்ணிப் பார்த்திருந்தேன்: ஒரு தொலைபேசி அழைப்பு வந்தால், உப்சாலாவில் கதவைப் பூட்டியதிலிருந்து கிள்ளானில் கதவைத் திறக்க இருபத்து இரண்டு மணி நேரம். அந்த எண்ணை யாரிடமும் சொல்லவில்லை. ஒரு நாளுக்குள் வந்துவிடலாம் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்வேன்.

பொங்கல் 2010 ஜனவரி 14, வியாழக்கிழமை. டயாலிசிஸ் நாள். எனவே அதிகாலையில் அப்பாவை விட்டுவிட்டு வந்து பானை வைத்தோம். பால் பொங்கியபோது அவர் அங்கே இயந்திரத்தோடு படுத்திருந்தார். கைப்பேசியைப் பானைக்குப் பக்கத்தில் பிடித்து, "பொங்கலோ பொங்கல்" சத்தத்தை அவருக்குக் கேட்க வைத்தோம். பக்கத்துப் படுக்கைக்காரர்களும் சேர்ந்து கத்தினார்களாம்.

என் விமானம் மறுநாள் இரவு. இங்கேதான் அத்தை நுழைந்தார். ஜனவரி 15 தை அமாவாசை. போதாததற்குச் சூரிய கிரகணம். இராமேசுவரத்தில் சூரியன் வளையமாகத் தெரிந்த அதே கிரகணம், நம் நாட்டில் பிற்பகலில் பகுதியாகத் தெரிந்தது. "அமாவாசை, கிரகணம், வெள்ளிக்கிழமை. மூணையும் ஒண்ணா சேர்த்து எவன் டிக்கெட் போட்டான்?" என்று அத்தை கேட்டார். அதுதான் மலிவான டிக்கெட் என்றேன். "மலிவா இருக்காதா பின்ன" என்றார். நியாயமான கேள்விதான்.

ஒரு சமரசம் ஏற்பட்டது. கிரகணம் விடும்வரை யாரும் வாசலைத் தாண்டுவதில்லை, சாப்பிடுவதில்லை, பெட்டியை மூடுவதில்லை. விட்டதும் எல்லாரும் தலைக்குக் குளித்து, சாமிக்கு விளக்கேற்றி, பிறகு புறப்படுவது. அப்பா மட்டும் தம்பியின் பழைய எக்ஸ்ரே படத்தைப் பிடித்துக்கொண்டு பின்வாசலில் வானத்தைப் பார்க்கப் போனார். எக்ஸ்ரே படம் கண்ணுக்குப் பாதுகாப்பில்லை என்று நான் பிடுங்கிக்கொண்டேன். தண்ணீர் வாளியில் பார்க்கவும் விடவில்லை. கடைசியில் வாசல் மாமர நிழலைக் காட்டினேன். இலை இடுக்கு வழியே விழுந்த ஒளிப்பொட்டுகள் எல்லாம் கடித்த பிஸ்கட் போல ஒரு பக்கம் குறைந்திருந்தன. சிமெண்டுத் தரை முழுக்க நூற்றுக்கணக்கில். அப்பா அதைப் பார்த்துக்கொண்டே நின்றார். அத்தையும் ஜன்னலுக்குள்ளிருந்து எட்டிப் பார்த்ததை நான் பார்த்தேன்.

விமான நிலையத்தைப் பற்றி அதிகம் எழுத ஒன்றுமில்லை. கேஎல்ஐஏ புறப்பாட்டுக் கூடத்தில் எல்லாக் குடும்பமும் ஒரே மாதிரிதான் நிற்கும். பெட்டி தராசில் 23.3 காட்டியது. கவுண்டர் பெண் சிரித்து விட்டுவிட்டார். அப்பா நடந்த களைப்பில் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார், அவர் காலைத் தொட்டு வணங்கக் குனிந்தபோது அவர் சொன்னது: "தண்ணி நல்லா குடி." தனக்கு மறுக்கப்பட்டதைத்தான் ஒருவர் ஆசீர்வாதமாகக் கொடுப்பார் போலும். அதை அப்போது யோசிக்கவில்லை, பாஸ்போர்ட் எந்தப் பையில் என்றுதான் யோசித்தேன்.

தோஹாவில் விமானம் மாறி, ஸ்டாக்ஹோமின் ஆர்லாண்டா நிலையத்தில் சனிக்கிழமை காலை இறங்கினேன். இரவு போலவே இருட்டு. கிள்ளானில் அப்போது பிற்பகல். தம்பி முதன்முறையாகத் தனியாக அப்பாவை அழைத்துக்கொண்டு போய் வந்திருக்க வேண்டிய நாள். கைப்பேசியை உயிர்ப்பித்ததும் குறுஞ்செய்தி வந்து விழுந்தது. தம்பியிடமிருந்து. "வந்தாச்சு. 2.1 எடுத்தாங்க. வண்டி ஒரு தடவதான் ஆஃப் ஆச்சு." குடிநுழைவு வரிசையில் நின்றபடி நான் சிரித்தேனா அழுதேனா என்று முன்னால் நின்றவர் திரும்பிப் பார்த்தார்.

ஆர்லாண்டாவிலிருந்து உப்சாலாவுக்குப் பேருந்தில் முக்கால் மணி நேரத்துக்குள்தான். இரண்டு பக்கமும் இருட்டில் வெள்ளையாக எதுவோ ஓடிக்கொண்டிருந்தது. வயலா காடா ஏரியா தெரியவில்லை. எட்டரை மணி தாண்டித்தான் வானம் நீலமாகத் தொடங்கியது. முதலில் தெரிந்தது பேராலயத்தின் இரட்டைக் கோபுரம். 118.7 மீட்டர், வடநாடுகளிலேயே பெரிய தேவாலயம் என்று டிசம்பர் இரவுகளில் மனப்பாடம் செய்திருந்தேன். செங்கல்லில் கட்டியது. படத்தில் பார்த்தபோது கிடைக்காத ஒன்று நேரில் கிடைத்தது: அந்தச் செங்கல் நிறம் எங்கள் ஊர்ப் பழைய கடைவீட்டுச் செங்கல் நிறம்தான். வெள்ளைக்கு நடுவில் அந்த ஒரே சிவப்பைப் பார்த்ததும் கொஞ்சம் மூச்சு வந்தது.

குளிருக்குத்தான் நான் பயந்திருந்தேன். அன்று மைனஸ் 14. ஆனால் குளிருக்கு மருந்து இருக்கிறது. கோட்டு இருக்கிறது, கதவைத் திறந்து உள்ளே போனால் சட்டையைக் கழற்றும் அளவுக்குச் சூடு இருக்கிறது. யாரும் எனக்கு முன்கூட்டிச் சொல்லாதது அமைதி. புதிதாக விழுந்த பனி ஓசையை உறிஞ்சிவிடும். பனித்துகள்களுக்கு நடுவில் இருக்கும் காற்று இடைவெளிகள் செய்யும் வேலை அது. ஒலிப்பதிவுக்கூடத்துச் சுவர் மெத்தை போலத்தான். மோட்டார் சைக்கிள், காகம், பள்ளிவாசல் அழைப்பு, கோயில் மணி, அண்டை வீட்டுத் தொலைக்காட்சி எல்லாம் கலந்த கிள்ளானிலிருந்து போன காதுக்கு அது செவிடானது போல இருந்தது. நடக்கும்போது என் கோட்டு உரசும் சத்தம் மட்டும் கேட்டது. இன்றைக்கும் ஒலிபரப்புக் கூடத்தின் கதவு மூடியதும் ஒரு கணம் அந்தத் தெரு நினைவுக்கு வரும்.

அடுத்தது இருட்டு. ஜனவரி நடுவில் மூன்றரை மணிக்குள் சூரியன் போய்விடும். மதிய வகுப்பு முடிந்து வெளியே வந்தால் இரவு. மாணவிக்கு நான் சொல்வது இது ஒன்றுதான்: குளிரைப் பற்றிக் கேட்பவர்கள் கேட்கட்டும், நீ ஒரு நல்ல மேசை விளக்கு வாங்கிக்கொள். சுவீடன்காரர்கள் ஜன்னல் ஓரத்தில் விளக்கு வைப்பது அழகுக்கு என்று நினைத்திருந்தேன். தெருவில் போகிறவருக்கும் அதனால் ஒரு பயன் உண்டு என்பது இரண்டாம் வாரம் புரிந்தது.

என் அறை ஃப்ளொக்ஸ்தா என்ற பகுதியில். ஊரின் மேற்கே, மாணவர்களுக்கான உயரமான அடுக்கு வீடுகள். ஒரு தளத்துப் பாதையில் பன்னிரண்டு அறைகள், எல்லாருக்கும் ஒரே சமையலறை. அங்கே இரவு பத்து மணிக்கு மாணவர்கள் ஜன்னலைத் திறந்து வாய்விட்டு அலறுவார்கள். இது ஏன் தொடங்கியது என்பதற்கு ஆளுக்கொரு கதை வைத்திருக்கிறார்கள். நான் இதையும் முன்பே படித்துத் தயாராகத்தான் இருந்தேன். ஆனாலும் முதல் இரவு, நாள் முழுக்க அமைதியில் ஊறிய பிறகு, கட்டடத்துக்குக் கட்டடம் அந்த அலறல் எழுந்தபோது கட்டிலில் துள்ளி எழுந்து உட்கார்ந்தேன். ஓரிரு நிமிடத்தில் அடங்கியது. பிறகு எனக்குத் தோன்றியது: பயம் எனக்கு மட்டும் இல்லை, இங்கே அதற்கு நேரம் குறித்து வைத்திருக்கிறார்கள். அன்று நன்றாகத் தூங்கினேன்.

1477இல் தொடங்கிய பல்கலைக்கழகம் அது, வடநாடுகளில் மிகப் பழையது. அங்கே மாணவர்கள் "நேஷன்" என்ற சங்கங்களில் சேர்வார்கள், மொத்தம் பதின்மூன்று. ஒவ்வொன்றும் சுவீடனின் ஒரு வட்டாரத்தின் பெயரில் இருக்கும். நூற்றாண்டுகளுக்கு முன் ஊர்விட்டு வந்த பிள்ளைகள் தங்கள் பக்கத்துப் பிள்ளைகளோடு சேர்ந்து தங்கத் தொடங்கியதன் எச்சம். நான் போன செமஸ்டரில் ஏதாவது ஒன்றில் சேருவது கட்டாயம், அந்த ஆண்டு ஜூலையோடு அந்தக் கட்டாயம் நீங்கியது. எந்த வட்டாரம் என்று படிவத்தில் கேட்டிருந்தபோது கிள்ளானுக்கு எது பக்கம் என்று யோசித்து, துறைமுகம் உள்ள கோத்தன்பர்க் பெயரிலான நேஷனில் சேர்ந்தேன். அப்பாவுக்கு அது சரியாகப் பட்டது.

கரோலினா ரெடிவீவா நூலகத்தில், ஊதா நிறத் தோலில் வெள்ளி மையால் எழுதிய ஆறாம் நூற்றாண்டு பைபிளைப் பார்க்கச் சுற்றுலாப் பயணிகள் வருவார்கள். எனக்கு அங்கே கிடைத்த இன்ப அதிர்ச்சி வேறு. தமிழரிடையே பௌத்தம் பற்றிய பெரிய ஆங்கிலத் தொகுப்பு ஒன்று, 2002இல் உப்சாலாவிலேயே வெளியானது. பதிப்பித்தவர்கள் அங்கே சமய வரலாற்றுப் பேராசிரியராக இருந்த பீட்டர் ஷால்க்கும், ஈழத்துத் தமிழறிஞர் ஆ. வேலுப்பிள்ளையும். மணிமேகலையைப் பற்றி பனிக்கு நடுவே ஒருவர் உட்கார்ந்து பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறார். பெட்டியிலிருந்து புத்தகங்களை எடுத்து வைத்த வருத்தம் அன்றோடு தீர்ந்தது.

ஏப்ரலில்தான் நான் மறைத்து வைத்திருந்த அந்த இருபத்து இரண்டு மணி நேரக் கணக்குக்குச் சோதனை வந்தது. ஐஸ்லாந்தில் எரிமலை வெடித்து, ஏப்ரல் 15ஆம் தேதியிலிருந்து வட ஐரோப்பாவின் வான்வெளி ஏறக்குறைய ஒரு வாரம் முடங்கியது. ஒரு லட்சம் விமானப் பயணங்கள் வரை ரத்தாகின. ஆர்லாண்டாவும் மூடிக் கிடந்தது. வானம் மட்டும் ஒன்றும் தெரியாதது போல நீலமாக இருந்தது, விமானக் கோடு ஒன்றுகூட இல்லாமல். அழைப்பு வந்தால் போக வழியே இல்லை. புறப்படும் முன் இரவு இரண்டு மணிக்கு நான் கற்பனை செய்த எந்தக் கெடுதலிலும் எரிமலை இருந்ததில்லை.

அந்த வாரம் ஸ்கைப்பில் அப்பாவிடம் முதன்முறையாகக் கேட்டேன், எனக்கு ஏதாவது மறைக்கிறீர்களா என்று. மார்ச்சில் ஒரு முறை இரத்த அழுத்தம் விழுந்து இரண்டு இரவு மருத்துவமனையில் இருந்ததைச் சொன்னார். தம்பிதான் ஆம்புலன்சுக்குக் காத்திராமல் கான்சிலிலேயே கொண்டுபோயிருக்கிறான். "சொன்னா நீ என்ன செய்வே? அங்கேர்ந்து வண்டியைத் தள்ளுவியா?" எனக்குக் கோபம் வந்தது. அரை மணி நேரம் சண்டை போட்டேன். அவர் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "சரி, இன்னிக்கு அங்க எத்தனை டிகிரி?" என்றார். அதன்பின் ஒவ்வொரு டயாலிசிஸ் நாளும் நல்லது கெட்டது இரண்டையும் சொல்வது என்று ஒப்பந்தம். அவர் மீறவில்லை என்றே நம்புகிறேன்.

ஏப்ரல் 30 வசந்தத்தை வரவேற்கும் நாள். மாணவர்கள் தாங்களே செய்த மிதவைகளில் ஏறி, ஃபீரிஸ் ஆற்றின் சிறு அருவிகளில் குதித்து விழுவார்கள். ஊரே கரையில் நிற்கும். மூன்று மணிக்கு நூலகத்து முகப்பின் கீழே ஆயிரக்கணக்கானோர் ஒரே நேரத்தில் வெள்ளைத் தொப்பி அணிவார்கள். ஜனவரியில் கோட்டு உரசும் சத்தம் மட்டும் கேட்ட அதே தெருவில் அன்று பேசினால் கேட்காது. நான் ஒலிப்பதிவு செய்தேன். அந்தப் பதிவைத்தான் பிறகு வேலைக்கு விண்ணப்பித்தபோது மாதிரியாக அனுப்பினேன்.

ஜூன் 13, ஞாயிற்றுக்கிழமை திரும்பி வந்தேன். தம்பி அந்த ஐந்து மாதத்தில் 64 முறை அப்பாவை அழைத்துப் போய் வந்திருந்தான். கான்சிலின் இடது பக்கக் கதவில் ஒரு பள்ளம் இருந்தது, அதைப் பற்றி இருவரும் பேசவில்லை. அப்பாவின் நோட்டுப் புத்தகத்தில் தேதி, எடை, எடுத்த நீர் என்ற மூன்று கட்டங்களுக்குப் பக்கத்தில் நான்காவதாக ஒரு கட்டம் கோடு போட்டிருந்தார். அதன் தலைப்பு "உப்." பிப்ரவரி முழுவதும் மைனஸ் குறிகள். ஏப்ரல் 29, வியாழன்: 68.4, 2.3, பிளஸ் 11. கடைசி மாதத்தில் பிளஸ் குறி போடுவதை நிறுத்தியிருந்தார், அவசியமில்லை என்று. அவர் அதன்பின் மூன்றரை ஆண்டுகள் இருந்தார். நோட்டுப் புத்தகம் என்னிடம் இருக்கிறது.

அந்த மாணவி நேற்று மீண்டும் குரல் பதிவு அனுப்பியிருக்கிறார். பெட்டி 26 கிலோவாம். எதை எடுப்பது, அம்மா வைத்த சம்பலை மட்டும் கேட்காதீர்கள் என்கிறார். சம்பல் இருக்கட்டும். ரைஸ் குக்கரை எடுத்துவிடு தங்கச்சி. ஃப்ளொக்ஸ்தா சமையலறைகளில் யாராவது ஒரு ஆசிய மாணவர் விட்டுவிட்டுப் போன ரைஸ் குக்கர் எப்படியும் ஒன்று இருக்கும். என்னுடையதை நான் அங்கேதான் விட்டு வந்தேன்.